கடை திறந்தாயிற்று, தேடினால் ஏன் வரவில்லை?

மறையூர் ஒரு மலை ஊர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மேலே ஏறினால் மறையூர் வரும். அங்கே கரும்பு விளைகிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சி வெல்லம் செய்கிறார்கள். கையால் உருண்டை பிடிக்கிறார்கள்.

இந்த வெல்லத்துக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. "இந்தப் பொருள் இந்த ஊருக்கு உரியது" என்று சொல்லும் அரசுப் பதிவு அது. வட்டவடை, காந்தளூர்ப் பூண்டுக்கு 2022-இல் கிடைத்தது. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியின் ஆட்டுக்கொம்பு அவரைக்கும், அட்டப்பாடித் துவரைக்கும் அதே ஆண்டு கிடைத்தது.

பொருளுக்குப் பெயர் வந்துவிட்டது. ஆனால் வாங்குகிறவர் எங்கே இருக்கிறார்? சென்னையில் இருக்கிறார். கொச்சியில் இருக்கிறார். துபாயில் இருக்கிறார். அவர் மலை ஏறி வர மாட்டார். கைப்பேசியை எடுத்துத் தேடுவார். தேடும்போது கண்ணில் படுகிற கடையில் வாங்குவார்.

அதனால் சிறு வியாபாரிகளும் இப்போது இணையதளம் தொடங்குகிறார்கள். வெல்லம் விற்பவர், பூண்டு விற்பவர், மூணாற்றில் வீட்டில் விருந்தினரைத் தங்க வைப்பவர் என்று பலர் தொடங்குகிறார்கள். தொடங்கிய மறுநாளே எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வருகிறது.

"தளம் திறந்தாயிற்று. கூகுளில் தேடினால் ஏன் வரவில்லை?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பலர் பணத்தை இழக்கிறார்கள். பதில் கடினமானது அல்ல. படித்துப் பார்ப்போம்.

வீடு வேறு, வீட்டு எண் வேறு

மறையூரில் ஒரு அக்கா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் குடும்பம் வெல்லம் காய்ச்சுகிறது. தெரிந்த பையன் ஒருவன் அவருக்குத் தளம் செய்து தருகிறான். வெல்லத்தின் படம் இருக்கிறது. விலை இருக்கிறது. தொலைபேசி எண் இருக்கிறது. முகவரியைச் சரியாக எழுதினால் தளம் திறக்கிறது. ஆனால் "மறையூர் வெல்லம்" என்று கூகுளில் தேடினால் அந்தத் தளம் வரவில்லை.

தளம் கெட்டுப்போய்விட்டதா? இல்லை.

புது வீடு கட்டுகிறோம். பால் காய்ச்சிக் குடியேறிவிட்டோம். அன்றைக்கே பஞ்சாயத்துப் பதிவேட்டில் வீட்டு எண் விழுந்துவிடுமா? விழாது. எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள் வந்து பார்க்க வேண்டும். பிறகுதான் பதிவேட்டில் ஏறும். இணையதளமும் அப்படித்தான். தளம் திறப்பது வேறு. தேடுபொறியின் பதிவேட்டில் ஏறுவது வேறு.

தேடுபொறி என்பது தேடித் தரும் இயந்திரம். கூகுள் ஒரு தேடுபொறி. பிங் இன்னொன்று. நாம் ஒரு சொல்லைத் தேடும்போது அது உலகம் முழுவதும் ஓடிப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் தன் பதிவேட்டைத்தான் புரட்டுகிறது. பதிவேட்டில் உள்ள தளம் வரும். பதிவேட்டில் இல்லாத தளம் வராது.

மூன்று வேலைகள்

தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, போய்ப் பார்ப்பது. இதற்காக ஒரு கணினி நிரல் இருக்கிறது. அதைச் சிலந்தி என்று சொல்வது வழக்கம். ஒரு பக்கத்தில் இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு இருக்கும். சிலந்தி அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். இப்படியே பக்கம் பக்கமாகப் போகும்.

இரண்டாவது வேலை, பதிவேட்டில் எழுதுவது. இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? வெல்லமா, பூண்டா? எந்த ஊர்? எந்த மொழி? இவற்றைப் புரிந்துகொண்டு எழுதி வைக்கும். பெரிய புத்தகங்களின் கடைசியில் சொற்களின் பட்டியல் இருக்கும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அது சொல்லும். தேடுபொறியின் பதிவேடும் அதைப் போன்றதுதான். கூகுளின் பதிவேட்டில் பத்தாயிரம் கோடிக்கும் அதிகமான பக்கங்கள் இருக்கின்றன.

மூன்றாவது வேலை, வரிசைப்படுத்துவது. நாம் தேடும் சொல்லுக்கு ஆயிரம் பக்கங்கள் பொருந்தலாம். எது முதலில், எது கடைசியில் என்று முடிவு செய்யும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் ஏறுவது ஒன்று. வரிசையில் முன்னால் நிற்பது வேறொன்று. ரேஷன் அட்டை கிடைத்துவிட்டது என்பதற்காகக் கடையில் வரிசையின் முன்னால் போய் நிற்க முடியுமா? அதுபோலத்தான்.

எத்தனை நாள் ஆகும்?

இதற்குக் கூகுள் நிறுவனம் வெளிப்படையாகவே பதில் சொல்கிறது. சிலந்தி வந்து பார்க்கச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். வந்து பார்த்தாலும் பதிவேட்டில் ஏற்றியே தீரும் என்ற உறுதி இல்லை. இதுதான் பதில்.

முன்பு இன்னும் மெதுவாக இருந்தது. கூகுள் 1998-இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அதன் பதிவேடு ஏறக்குறைய மாதம் ஒருமுறைதான் புதுப்பிக்கப்பட்டது. அந்த நாளுக்காகத் தளம் வைத்திருந்தவர்கள் காத்திருப்பார்கள். 2010-இல் கூகுள் தன் முறையை மாற்றியது. அதன் பிறகு பதிவேடு இடைவிடாமல் புதுப்பிக்கப்படுகிறது.

ஆனால் எல்லாத் தளங்களுக்கும் ஒரே வேகம் இல்லை. பெரிய செய்தித்தாளின் தளத்தில் ஒரு செய்தி வந்தால் சில நிமிடங்களில் தேடலில் வந்துவிடுகிறது. மறையூர் அக்காவின் தளத்துக்கு வாரக்கணக்கில் ஆகிறது. ஏன் இந்த வேற்றுமை?

தபால்காரரை எண்ணிப் பாருங்கள். கடைத்தெருவுக்கு அவர் தினமும் போவார். அங்கே தினமும் கடிதம் இருக்கும். மலைச் சரிவில் தனியாக ஒரு புது வீடு. அங்கே ஆள் இருப்பதே அவருக்குத் தெரியாது. யாராவது சொன்னால்தான் போவார். செய்தித்தாள் தளம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. அது சிலந்திக்குத் தெரியும். அதனால் அடிக்கடி வருகிறது. புதிய சிறிய தளத்தை அதற்குத் தெரியாது. அங்கே போகும் பாதையும் இல்லை.

தாமதத்துக்கு என்ன காரணம்?

முதல் காரணம், இணைப்பு இல்லாதது. வேறு எந்தத் தளத்திலும் அந்தத் தளத்தின் முகவரி இல்லை. நூல் இல்லாமல் சிலந்தி எப்படி வரும்?

இரண்டாவது காரணம், கதவு பூட்டியிருப்பது. தளம் செய்யும்போது "தேடுபொறி இப்போது வர வேண்டாம்" என்று ஓர் இடத்தில் குறி இடலாம். வேலை முடியும் வரை அப்படி வைப்பது உண்டு. வேலை முடிந்த பிறகு அந்தக் குறியை எடுக்க வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள். கதவில் பூட்டு தொங்குகிறது. உள்ளே கடை விரித்திருக்கிறது. வாரங்கள் அல்ல, வருடம் ஆனாலும் அந்தத் தளம் தேடலில் வராது. தளம் செய்து கொடுத்தவரிடம் இதை முதலில் கேளுங்கள்.

மூன்றாவது காரணம், பக்கத்தில் விஷயம் இல்லாதது. ஒரு படம், ஒரு தொலைபேசி எண், "நல்ல வெல்லம்" என்ற இரண்டு சொல். இவ்வளவுதான் இருக்கிறது என்றால் தேடுபொறிக்கு எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. இன்னொரு தளத்தில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதினாலும் பயன் இல்லை. ஒரே விஷயத்தை இரண்டு முறை பதிவேட்டில் வைக்க அது விரும்புவதில்லை.

நான்காவது காரணம், கைப்பேசியில் தளம் சரியாகத் திறக்காதது. கூகுளின் சிலந்தி இப்போது கைப்பேசியில் பார்ப்பது போலத்தான் தளங்களைப் பார்க்கிறது. பெரிய கணினியில் அழகாகத் தெரிந்து, கைப்பேசியில் பாதி மறைந்தால் அந்தப் பாதி அதற்கும் தெரியாது.

ஒரு பயம் மட்டும் வேண்டாம். "எங்கள் மலையில் சிக்னல் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போய்விடுகிறது. சிலந்தி எப்படி வரும்?" என்று சிலர் நினைக்கிறார்கள். தளம் நம் வீட்டில் இல்லை. அது வேறு ஊரில் உள்ள பெரிய கணினியில் இருக்கிறது. அதற்குத்தான் நாம் ஆண்டு வாடகை கட்டுகிறோம். மறையூரில் மின்சாரம் போனாலும் தளம் திறந்தே இருக்கும்.

காசில்லாமல் என்ன செய்யலாம்?

சிலந்தியை நாம் கூப்பிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

ஒன்று: கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் நம் தளத்தைப் பதிவு செய்ய வேண்டும். "இது என் தளம்தான்" என்று காட்ட வேண்டும். பிறகு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, பதிவேட்டில் சேர்க்கும்படி கேட்கலாம். ஒரு முறை கேட்டால் போதும். தினமும் கேட்பதால் வேகம் கூடாது. பதிவேட்டில் ஏறிவிட்டதா, ஏறவில்லை என்றால் என்ன காரணம் என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

இரண்டு: சைட்மேப் கொடுக்க வேண்டும். இது தளத்தில் உள்ள எல்லாப் பக்கங்களின் பட்டியல். வீட்டுக்கு வருகிறவரிடம் "இத்தனை அறைகள் உண்டு" என்று சொல்வது போல. தளம் செய்கிறவருக்கு இது சில நிமிட வேலை.

மூன்று: இணைப்பு வாங்க வேண்டும். தெரிந்தவர்களின் தளத்தில் நம் முகவரியைப் போடச் சொல்லலாம். விவசாயிகள் சங்கம், குடும்பஸ்ரீ குழு, சரக்கு வாங்கும் கடைக்காரர் என்று யாராவது இருப்பார்கள். உண்மையான உறவு உள்ளவர்களிடம் மட்டும் கேளுங்கள். காசு கொடுத்து இணைப்பு வாங்குவது கூகுளின் விதிக்கு விரோதம்.

நான்கு: கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யலாம். இது தளத்திலிருந்து தனியானது. கடையின் பெயர், இடம், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். தொலைபேசி வழியாகவோ காணொளி வழியாகவோ கடை உண்மையில் உள்ளதா என்று கூகுள் சரிபார்க்கும். இதற்கும் கட்டணம் இல்லை. தங்கும் விடுதிக்கும், வழியில் உள்ள கடைக்கும் இது மிகவும் பயன்படும்.

ஐந்து: பிங்கையும் மறக்க வேண்டாம். அங்கேயும் இலவசமாகப் பதிவு செய்யலாம். தளத்தில் புதியது ஏதாவது வந்தால் உடனே தகவல் அனுப்பும் இண்டெக்ஸ்நவ் என்ற முறை 2021-இல் வந்தது. பிங் அதை ஏற்றுக்கொள்கிறது. கூகுள் அதில் சேரவில்லை.

தளம் ஏறிவிட்டதா என்று நீங்களே பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கூகுளில் தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் "சைட்" என்று எழுதுங்கள். அதை ஒட்டி மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வையுங்கள். இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதுங்கள். பக்கங்கள் வந்தால் ஏறிவிட்டது என்று பொருள். வராவிட்டால் சர்ச் கன்சோலில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்தச் சொல்லில் தேடுவார்கள்?

எல்லை ஊர்களில் இது பெரிய விஷயம். தமிழர் வெல்லம் என்பார். மலையாளி சர்க்கரா என்பார். தமிழ்நாட்டில் பலருக்குச் சர்க்கரை என்றால் சீனிதான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் தேடுகிறவர் ஜாகரி என்று எழுதுவார். மறையூர் என்ற பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். பூண்டு என்பார் ஒருவர். வெளுத்துள்ளி என்பார் இன்னொருவர்.

தளத்தில் ஒரே மொழி இருந்தால் மற்ற மொழியில் தேடுகிறவர் கண்ணில் படுவது கடினம். ஆகவே தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் தனித்தனிப் பக்கம் இருப்பது நல்லது. சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் மக்கள் இரண்டு மொழி பேசுகிறார்கள். அந்த அறிவு இங்கே மூலதனம்.

இன்னொன்றும் உண்டு. "மூணாற்றில் தங்கும் இடம்" என்று தேடினால் எண்ணற்ற தளங்கள் போட்டி போடும். பெரிய நிறுவனங்கள் முன்னால் நிற்கும். "அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரை" என்று தேடினால் போட்டி மிகவும் குறைவு. பெயர் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ, சிறியவருக்கு அவ்வளவு இடம் உண்டு. எந்த ஊரில் விளைந்தது, எப்படிக் காய்ச்சுகிறோம், எத்தனை நாள் கெடாது, எப்படி அனுப்புவோம் என்று எழுதுங்கள். தன் வேலையைப் பற்றி அதைச் செய்கிறவரைவிட நன்றாக யாரால் எழுத முடியும்?

நாளைக்கே முதல் இடம்!

தளம் தொடங்கிய சில நாளில் ஒரு தொலைபேசி வரும்.

"அக்கா, நாங்க கூகுள் ஆபீஸிலிருந்து பேசுறோம். உங்க தளம் கூகுள்ல இல்லை. பதினைந்தாயிரம் கட்டுங்க. நாளைக்கே முதல் பக்கத்துல முதல் இடம்."

அக்காவும் தேடிப் பார்ப்பார். உண்மையாகவே தளம் இருக்காது. அதனால் அவர் சொல்வதை நம்பத் தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம். தளம் வராததற்குக் காரணம் பணம் கட்டாதது அல்ல. நாள் ஆகாததுதான்.

பணம் வாங்கிக்கொண்டு சிலந்தியை அடிக்கடி அனுப்புவதில்லை என்று கூகுள் சொல்கிறது. பணத்துக்காக யாரையும் வரிசையில் முன்னால் நிறுத்துவதும் இல்லை. முதல் இடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்பதையும் அதுவே எழுதி வைத்திருக்கிறது. பணம் கட்டினால் விளம்பரம் வரும். அது வேறு. விளம்பரம் என்ற குறிப்போடு வரும். பணம் தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும்.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பார்கள். மூன்று வாரத்தில் தளம் தானாகவே பதிவேட்டில் ஏறும். "பார்த்தீர்களா, நாங்கள் செய்தோம்" என்பார்கள். சேவல் கூவியதால் பொழுது விடிந்தது என்று சொல்வது போலத்தான் இது.

நேர்மையாகத் தளவேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கலாம். செய்யும் வேலைக்குக் கொடுங்கள். வாக்குறுதிக்குக் கொடுக்காதீர்கள். என்ன செய்தார் என்று எழுதி வாங்குங்கள். ஓ.டி.பி. எண்ணையும் கடவுச்சொல்லையும் தொலைபேசியில் யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இணைய வழிப் பண மோசடிக்கு உரிய அரசு எண் அது.

தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் தளம் மூடிவிடும். பதிவேட்டிலிருந்தும் பெயர் போய்விடும். கூகுள் முன்பு சிறு கடைகளுக்கு இலவசத் தளம் கொடுத்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் வேறு தளம் தேட வேண்டியதாயிற்று. சொந்த முகவரி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஓணத்துக்கு முன் எப்போது?

கரும்பு நட்டவுடன் வெல்லம் கேட்க முடியாது. தளமும் அப்படித்தான். ஓணத்துக்குப் பாயசம் வைப்பார்கள். சர்க்கரைவரட்டி செய்வார்கள். அப்போது வெல்லத்துக்குக் கிராக்கி இருக்கும். ஓணத்துக்கு ஒரு வாரம் முன்பு தளம் திறந்தால் விற்பனை முடிந்த பிறகுதான் அது தேடலில் வரும். இரண்டு மூன்று மாதம் முன்பே திறக்க வேண்டும். முதலில் சிறியதாகத் திறந்தால் போதும். பிறகு பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மூணாற்றில் விடுதி நடத்துகிறவரும் இதையே செய்ய வேண்டும். கோடை விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன்பே தளம் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தளத்தின் முகவரியை வெல்லப் பொட்டலத்தில் அச்சடிக்கலாம். பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். கடைப் பலகையில் எழுதலாம். முகவரி தெரிந்தவருக்குத் தேடுபொறி தேவையில்லை. நேராக வந்துவிடுவார்.

பொருள் நம்முடையது. ஊர்ப் பெயரும் நம்முடையது. காத்திருக்க வேண்டிய காலம் சில வாரங்கள். அதைத் தெரிந்துகொண்டால் நம் பணமும் நம்மிடமே இருக்கும்.

கூடிப் பேசுவோம்

1. தளம் திறந்த அன்றே அது ஏன் தேடலில் வருவதில்லை?

2. பதிவேட்டில் ஏறுவதற்கும் முதல் இடத்தில் வருவதற்கும் என்ன வேறுபாடு?

3. "நாளைக்கே முதல் இடம்" என்று ஒருவர் பணம் கேட்டால் அவரிடம் என்ன கேள்வி கேட்பீர்கள்?

4. உங்கள் ஊருக்கே உரிய பொருள் எது? அதை எந்தெந்தச் சொல்லால் தேடுவார்கள்? எல்லா மொழியிலும் எழுதிப் பாருங்கள்.